ஒரு கரண்டி பன்றிநெய்

கைகள் ரொட்டியை அரிந்துகொண்டிருந்தன. முந்தாநாள் சுட்ட கோதுமை ரொட்டி. மேல்தோல் கத்திக்கு முரண்டு பிடித்தது. இடது கை அதை மார்போடு அணைத்துப் பிடிக்க, வலது கை கத்தியை உடம்பை நோக்கி இழுத்து இழுத்து, மெல்லிய வில்லைகளை மண்தொட்டிக்குள் விழச் செய்தது. தொட்டி நிறைந்ததும் கத்தியை வைத்துவிட்டுக் கொதிக்கிற கோழிச்சாற்றை அகப்பையில் மொண்டு, ரொட்டியின்மேல் சுற்றிச் சுற்றி ஊற்றின. நசுக்கிய பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு. பிறகு, அடுப்போரம் உருகிக் கிடந்த பன்றிநெய்யில் பெரிய கரண்டியால் ஒரு கரண்டி. அதை ஊற்றும்போது கை யோசிக்கவில்லை. உப்புப் போடும்போது யோசிக்குமா?

காதுதான் வேறெங்கோ இருந்தது. சனிக்கிழமை. வேன் வருகிற நாள்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி அதோசிந்தா. வயது அறுபத்தொன்று, கணவன் இல்லை. மிராந்தெலாவிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் மலையேறினால் வரும் கார்வல்யாலில், தேவாலயத்துக்குப் பின்னால் நாலாவது வீடு. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். அல்யெய்ரா கட்டுவதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் படுத்த படுக்கையாகிவிட, புகைக்கூண்டில் தொங்கியதைக் கழற்றி, வயிற்றைக் கீறி, உள்ளே என்ன இருக்கிறது என்று முகர்ந்தும் நக்கியும் கண்டுபிடித்தாள். கோழிக்கறியும் ரொட்டியும் பிசைந்து, குடலில் அடைத்து, லாடம் போல வளைத்துக் கட்டிப் புகையில் தொங்கவிடும் அந்தச் சாமான், மூன்றாவது குளிர்காலத்தில்தான் அவள் கைக்கு வசப்பட்டது.

ஊரில் அவளுக்கு இன்னொரு பேர் உண்டு, முதுகுக்குப் பின்னால். 'முகர்ந்து பார்க்கிறவள்'. பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆலிவ் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, கலப்படம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பியவள். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்க்காமல் சேர்க்கமாட்டாள். பாதிரியார் கொடுத்த தேனைக்கூட ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தவள். அவள் சந்தேகம் பத்துக்கு எட்டு முறை சரியாக இருந்துவிட்டது. அதனால் மீதி இரண்டு முறையை அவள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது அந்தச் சந்தேகம் தெல்மோவின்மேல் விழுந்திருந்தது.

தெல்மோ சுற்றுலா வழிகாட்டி. லிஸ்பனில் பிறந்து போர்த்தோவில் குடியிருக்கிறவன். அக்டோபரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஐந்தாறு வெளிநாட்டுக்காரர்களை வேனில் கொண்டுவருகிறான். காலையில் சுற்றுவட்டாரத்துப் பழைய தெருக்களில் சரித்திரம். நடுப்பகலில் அதோசிந்தாவின் சமையலறையில், அவள் அல்யெய்ரா அடைப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு. சாயங்காலம் ஆற்றுச்சரிவில் ஒரு கிடங்கில் ஒயின். மரியாதையான பையன்தான். வந்ததும் 'தோனா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பான். ஆனால் அவள் அடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசுவான். வந்தவர்கள் அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். சிலருக்குக் கண் கலங்கும். ஜனவரியில் ஒரு நெட்டை மனிதர், நெய்யும் மிளகாய்த்தூளுமாக இருந்த அவள் கையைப் பிடித்து முத்தமிட்டு விம்மினார். வாசல் நிலைக்கல்லைத் தடவிப் படம் எடுக்காமல் ஒருத்தரும் திரும்பியதில்லை.

சாசேஜ் அடைக்கிறவளைப் பார்த்து யாராவது அழுவார்களா? அவளைப் பற்றி, அவள் கைச்சாமானைப் பற்றி இவன் என்னதான் சொல்கிறான்? நாற்பது வருஷமாக அவள் பேருக்கு ஒரு சொல் விழுந்ததில்லை. தனக்குப் புரியாத பாஷையில் விழுந்தால் எப்படித் துடைப்பது?

நாத்தனார் லெயோந்தினாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

"வீட்டப் பாக்குறாங்க அண்ணி. நிலைக்கல்ல போட்டோ எடுக்குறாங்கன்னா வேற என்ன? புராதன வீடுன்னு கவர்மெண்டுக்கு எழுதிப் போட்டுருவான். அப்புறம் ஒரு ஓடு மாத்தணும்னாலும் நீங்க லிஸ்பனுக்கு மனு போடணும்."

"அதுக்கு அழுவாங்களா, லெயோந்தினா?"

"உங்க நிலைமைய நெனச்சு அழுதிருப்பாங்க."

அதோசிந்தா சிரிக்கவில்லை. இன்றைக்கு அவன் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள்.

வேன் வந்தது. ஆறு பேர். வழக்கம்போல் நிலைக்கல்லருகே நின்றார்கள், பேச்சு, படம். வழக்கம்போல் சமையலறைச் சுவரோரம் வரிசை கட்டினார்கள். அவள் புனலில் குடலை மாட்டி அடைக்கத் தொடங்கினாள். தெல்மோ பேசினான். 'போர்க்' என்றொரு சத்தம் வந்தது. அது அவள் பாஷையிலும் ஏறக்குறைய அதேதான். பன்றி. அதற்கு முன்னால் ஒரு 'நோ'. அதுவும் தெரிந்ததுதான். அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

சாப்பாடு வைத்தாள். போன வாரம் கட்டிப் புகைபோட்டதைப் பொரித்து, வேகவைத்த உருளைக்கிழங்கும் கீரைத்தண்டும் பக்கத்தில். நடுவில் ஒரு கூஜா சிவப்பு ஒயின். எல்லாரும் மேசைக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்போரம் வந்து நின்றாள். கத்தரித்த நரைமுடி, சாம்பல்நிறக் கோட்டு.

"அம்மா, உங்க கிட்ட நன்றி சொல்லணும்" என்றாள்.

பேச்சு ஸ்பானிஷ் மாதிரி இருந்தது. ஆனால் எங்கோ பழைய பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஸ்பானிஷ். எல்லைக்கு அப்பால் பத்து அறுவடைக்குப் போய்வந்த அதோசிந்தாவுக்கு அது தடையில்லாமல் புரிந்தது.

"நீங்க எந்த ஊரு?"

"இஸ்மிர். துருக்கி. பேரு ரெஜினா. எங்க வீட்ல இந்த பாஷைதான். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கத்துலேருந்து ஓடிப்போன யூதக் குடும்பம் நாங்க."

அதோசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பையன் என்னைப் பத்தி என்ன சொல்றான்? உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

ரெஜினாவுக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா? கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுத்த காலத்துல, யார் வீட்டுப் புகைக்கூண்டுல பன்றி தொங்கலைன்னு பக்கத்து வீட்டுக்காரன் பாத்துச் சொல்லிக் கொடுப்பான். அதுக்காக எங்க ஆளுங்க கோழியையும் ரொட்டியையும் அடைச்சுத் தொங்கவிட்டாங்க..."

"அந்தக் கதை இங்க எல்லாருக்கும் தெரியும். என்னைப் பத்தி?"

"உங்க வீடு அப்படி மறைஞ்சு வாழ்ந்த வீடுதான்னு. நிலைக்கல்லுல இருக்கிற சிலுவை, கிறிஸ்தவங்கன்னு காட்டிக்க அவங்க கீறினதுன்னு. நீங்க இன்னிக்கும் அதே மாதிரி, பன்றி ஒரு துளி சேராம கட்டுறீங்கன்னு." அவள் தட்டைப் பார்த்தாள். "நான் எங்க மதத்து விதியெல்லாம் கடைப்பிடிக்கிறவ இல்லம்மா. கண்ட ஹோட்டல்ல சாப்பிடுறேன். ஆனா பன்றி மட்டும் அறுபத்தாறு வருஷத்துல வாயில பட்டதில்ல. இன்னிக்கு இதச் சாப்பிடத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

முள்கரண்டி துண்டில் குத்தியாயிற்று. மேலே எழும்பியது.

அதோசிந்தா தட்டைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் கீரைத்தண்டு தரையில் தெறித்தது.

"மாதாவே! வைக்காதீங்க. வாயில வைக்காதீங்க. இதுல பன்றி இருக்கு."

மேசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினாவின் கையில் முள்கரண்டி மட்டும், அதன் நுனியில் அந்தத் துண்டு. அவள் அதை மெதுவாக அடுப்புத் திண்டில் வைத்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஒரே வாக்கியம் சொன்னாள். இரண்டு பேர் கரண்டியைக் கீழே போட்டார்கள். ஒருவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தின்றுகொண்டே இருந்தான்.

தெல்மோவின் முகம் வெளிறிவிட்டது. அதோசிந்தா அவன் கையைப் பிடித்து விறகுக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள்.

"என் வீட்டப் பத்திப் பொய் சொல்றே. என் சாமானப் பத்திப் பொய் சொல்றே. முதல் நாளே நெனச்சேன். யாரு சொன்னது உனக்கு, நான் பன்றி சேக்கிறதில்லைன்னு?"

"நீங்கதான் தோனா."

"நானா!"

"அக்டோபர்ல, அதே மேசையில. நான் கேட்டேன், 'இதுல பன்றிக்கறி உண்டா'ன்னு. நீங்க கோவிச்சுக்கிட்டீங்க. 'பன்றிக்கறியா? ஒரு துணுக்கு கிடையாது. கோழி, ரொட்டி, பூண்டு, அவ்வளவுதான். என்னைச் சந்தேகப்படுறியா'ன்னீங்க. நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். காட்டவா?"

காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வார்த்தைகள் அவளுடையவை. 'சந்தேகப்படுறியா' என்று கேட்ட தொனிகூட ஞாபகம் வந்தது. சொன்னபோது அது உண்மைதானே? கறி ஒரு துணுக்கும் போட்டதில்லை. நெய்? நெய் எல்லாவற்றிலும் போடுவது. கோழியோடு சேர்த்து வேகவைக்கும் உப்புப் பன்றித்தொடை எலும்பு? அது சாற்றுக்கு. குடல்? அது பண்டத்துக்குச் சட்டை. இந்த ஊரில் எவளிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். காய்கறி சூப்புத்தான் என்று சொல்லிக்கொண்டே கொழுப்புத் துண்டைப் போடுகிறவர்கள் அவர்கள்.

"நெய்யக் கேட்டியா?" என்றாள். குரலில் பழைய வேகம் இல்லை. "குடலக் கேட்டியா?"

"கறி இல்லைன்னா நெய் இருக்கும்னு யாருக்குத் தோணும்?"

"இந்தப் பக்கத்துல பொறந்த எவனுக்கும் தோணும்."

"நான் லிஸ்பன்ல பொறந்தவன்."

"அது தெரியுது." வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த நிலைக்கல்லு, என் மாமனார் அரிவாள் தீட்டின இடம்."

"குறுக்கேயுமா தீட்டினாரு?"

"அவர் கிட்ட ரெண்டு அரிவாள் இருந்துச்சு."

தெல்மோவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முறைத்ததும் அடங்கியது. அக்டோபரிலிருந்து அவனைத் துருவித் துருவிப் பார்த்தாயிற்று. எத்தனை சனிக்கிழமை! நெய்க்கரண்டி பிடித்த தன் கையை ஒரு தரம் பார்த்தாளா? அந்த நெட்டை மனிதர் அழுதுகொண்டே இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டார். அவள்தான் பரிமாறினாள்.

"அந்த ஜனவரி ஆளுக்கு எழுது" என்றாள். "அவரை மாதிரி இங்க கண் கலங்கினவங்க எல்லாருக்கும்."

"எதுக்கு? தின்னாச்சு. தெரியாம நிம்மதியா இருக்காரு. தெரிஞ்சா நொந்துபோவாரு."

"அது அவரு பாடு. தெரியாம வச்சிருக்க எனக்கும் உனக்கும் என்ன உரிமை? எழுது."

அவள் உள்ளே போனபோது ரெஜினா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதோசிந்தா அவள் எதிரில் நின்றாள்.

"எப்ப ஊருக்குக் கிளம்புறீங்க?"

"அடுத்த சனிக்கிழமை."

"திங்கக்கிழமை இங்க வாங்க. நான் கட்டித் தரேன், நீங்க சாப்பிடுற மாதிரி. வெள்ளிக்கிழமை புகை பிடிச்சிரும்."

ரெஜினா கடைசிப் பொத்தானையும் போட்டாள். "நான் எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க" என்றாள் அதோசிந்தா. "உக்காந்து பாருங்க."

மற்ற ஐந்து பேரும் ஒயின் குடிக்கப் போனார்கள். ரெஜினா மிராந்தெலாவில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள்.

ஞாயிறு முழுக்க அதோசிந்தா கழுவினாள். அடுப்புக்கு மேலே கம்புகளில் தொங்கிய பன்றித்தொடைகளையும் சாசேஜ்களையும் இறக்கிக் கூடை கூடையாக லெயோந்தினா வீட்டுக்கு அனுப்பினாள்.

"வீட்ட வித்துட்டீங்களா அண்ணி?"

"இல்ல."

"அப்ப சாகப்போறீங்களா? டாக்டர் எதுவும் சொன்னாரா?"

"வாய மூடிக்கிட்டுக் கூடைய வாங்கு."

பழைய கம்புகளை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டிய ஓக் கம்புகளைச் செருகினாள். நாற்பது வருஷக் கொழுப்பு சொட்டிக் கறுத்த கல்லைச் சாம்பல் தண்ணீரால் மூன்று தரம் தேய்த்தாள். எதில் காய்ச்சுவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அவள் வீட்டில் பன்றிநெய் படாத பாத்திரம் எது? ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். கடைசியில் பரணிலிருந்து செப்புக் கொப்பரையை இறக்கினாள். இலையுதிர்காலத்தில் சீமைமாதுளைப் பழத்தைச் சர்க்கரைப்பாகில் கிண்டுவதற்கு மட்டும் இறங்கும் பாத்திரம். அதற்குள் பழமும் சர்க்கரையும் தவிர எதுவும் போனதில்லை.

திங்கள் காலை பஸ்ஸில் ரெஜினா வந்தாள். நாற்காலியை அடுப்புக்கு எதிரில் போட்டுக் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவள் போல.

"இந்த அகப்பை?"

"சனிக்கிழமை சாயங்காலம் வாங்கினது. சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க."

"குடல்?"

"மாடு. கசாப்புக்கடைக்காரன் எழுதிக் கொடுத்திருக்கான். அவனையும் நம்ப வேணாம். அகலத்தப் பாருங்க, பன்றிக்குடல் இவ்வளவு அகலம் வராது."

ரெஜினா எழுந்து வந்து குடலை விரலில் மாட்டிப் பார்த்தாள். "ரொட்டி?"

அது அதோசிந்தா தெருமுனையில் வாங்கியது. ரொட்டிக்காரன் தகரத் தட்டில் எதைத் தடவுகிறான்? அவள் கேட்டதில்லை. எழுந்து துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"மாவுதான் தூவுறானாம். நெய் தடவுறதில்லையாம். தட்டையும் தடவிப் பாத்துட்டேன்."

"சரி" என்றாள் ரெஜினா. முதல் தடவையாக அவள் வாயோரம் லேசாக அசைந்தது.

பன்றிநெய் இல்லாமல் கலவை பிடித்து நிற்கவில்லை. ஆலிவ் எண்ணெய் மட்டும் ஊற்றிப் பிசைந்து, சோதனைக்கு ஒன்றைக் கட்டிப் பொரித்தாள். வெடித்துச் சட்டியெல்லாம் சிதறியது. அவள் அதைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, சாற்றை மறுபடி கொதிக்கவைத்து வற்றவிட்டாள். மேலே மிதந்த கோழிக்கொழுப்பைக் கரண்டி கரண்டியாக வழித்து எடுத்து, எண்ணெயோடு கலந்து சூடாக ஊற்றிப் பிசைந்தாள். கைக்குள் உருட்டிப் பிடித்தபோது உருண்டை நின்றது. இரண்டாவது சோதனை வெடிக்கவில்லை. சாயங்காலம் எட்டு அல்யெய்ராக்கள் புதுக் கம்பில் தொங்கின. கீழே ஓக் விறகு கனன்றது.

"இனிமே நாலு நாள் நான் இங்க இருக்கமாட்டேனே" என்றாள் ரெஜினா.

"எப்ப வேணும்னாலும் வாங்க. சொல்லாம வாங்க."

அவள் சொல்லாமல்தான் வந்தாள். செவ்வாய் மத்தியானம், புதன் காலை முதல் பஸ்ஸில், மறுபடி அன்றைக்கே சாயங்காலமும். வாசலில் நின்று கூப்பிடாமல் நேரே அடுப்புக்கு வந்து கம்பில் தொங்குவதை எண்ணுவாள், முகர்வாள். அதோசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பாள் என்று நினைத்தாள். வியாழன் அன்று லெயோந்தினா ஒரு தட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தபோது, அதோசிந்தா அவளைக் கதவைத் தாண்ட விடவில்லை.

"என்ன அண்ணி, எனக்கே தடையா?"

"தட்டுல என்ன இருக்கு?"

"நேத்துப் பொரிச்ச தொடைக்கறி."

"அப்படியே திரும்பு."

வெள்ளிக்கிழமை தெல்மோ ரெஜினாவை போர்த்தோவுக்குக் கூட்டிப்போக வந்தான். போன் திரையை அதோசிந்தாவிடம் நீட்டினான். "எழுதிட்டேன் தோனா. பதினோரு பேருக்கு."

எழுதியது இங்கிலீஷில் இருந்தது. அவள் போனை வாங்கி அப்படியே ரெஜினாவிடம் கொடுத்தாள். ரெஜினா மேலிருந்து கீழே படித்தாள்.

"எழுதியிருக்கார். நெய், எலும்பு, குடல், மூணையும் எழுதியிருக்கார். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம நடந்ததுன்னும் போட்டிருக்கார்."

"அதை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் அதோசிந்தா. "தெரியாம நடக்கல. நான் யோசிக்காம நடந்தது."

"மறுபடி எழுதணுமா?" தெல்மோ முனகினான்.

"மறுபடி எழுது. நாளைக்கு வர்றவங்க கிட்டயும் சாப்பாட்டுக்கு முன்னாடியே சொல்லு, எதுல என்ன இருக்குன்னு. வாசல்ல அரிவாள்னு சொல்லு."

"அரிவாளப் பாக்க யாரு வருவா?"

"வராட்டிப் போகட்டும்."

ரெஜினா பக்கத்தில் நின்று சரிபார்க்க, அவன் நிலைக்கல்லில் சாய்ந்துகொண்டு மறுபடி தட்டச்சினான்.

அதோசிந்தா ஏணியில் ஏறி, எட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தோல் பொன்னிறத்தில் இறுகியிருந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து மெல்லத் திரும்பியது. புதுத் துணியில் வரிசையாக வைத்து மடித்தாள். கட்டுப் போடும்போது ரெஜினா கேட்டாள்:

"ஒரு தடவை பிரிச்சுப் பாக்கலாமா?"

தெல்மோ பெருமூச்சு விட்டான். "அம்மா, இத்தனை நாள் பாத்தாச்சே!"

"நீ சும்மா இரு" என்ற அதோசிந்தா, தானே முடிச்சை அவிழ்த்துத் துணியை வெளிச்சத்தில் அகல விரித்துப் பிடித்தாள். ரெஜினா குனிந்து ஒவ்வொன்றையும் புரட்டினாள், முகர்ந்தாள், எட்டு வரை எண்ணினாள். பிறகு தலையசைத்தாள்.

அதோசிந்தா துணியை மறுபடி மடித்து முடிச்சுப் போட்டாள். ரெஜினா கைப்பையைத் தோளில் தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். புகையின் சூடு இன்னும் ஆறாத அந்தப் பொட்டலத்தை அதோசிந்தா அந்தக் கைகளில் வைத்தாள்.